பக்கத்து ஊரை வெல்வது எப்படி? கல்கத்தாவின் நூறு வருஷக் கதை

வருஷத்தில் எத்தனை மெட்ச் விளையாடினாலும் எங்கட கரையோரத்தில் ஒன்றுதான் மெட்ச். பக்கத்து ஊரோட விளையாடுகிற மெட்ச். கிண்ணம் போனாலும் பரவாயில்லை, இவனுகளிட்ட மட்டும் தோற்கக் கூடாது. கற்பிட்டிப் பக்கம் போனாலும் இந்தக் கதைதான், முந்தல் பக்கம் போனாலும் இந்தக் கதைதான்.

இந்த சீசனிலும் அப்படி ஒரு மெட்ச் வருகிறது. எந்த இரண்டு டீம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கட்டுரையை யாரும் வாசிக்க மாட்டீர்கள், பேரை மட்டும் வாசித்துவிட்டு சண்டைக்கு வருவீர்கள்.

ஆனால் மெட்சுக்கு முதல் தேத்தண்ணிக் கடையில் நடக்கிற கூட்டம் எல்லாருக்கும் தெரியும். எப்படி வெல்வது என்று ஆளுக்கொரு யோசனை. காற்றுப் பக்கத்தை முதல் பாதியில் எடு என்பார் ஒருவர். கச்சான் அடிக்கிற மாதங்களில் எங்கட கிரவுண்டில் அது உண்மையிலேயே பெரிய விஷயம்தான். வேகமா ஓடுகிற பொடியனை இடப்பக்கம் போடு என்பார் இன்னொருவர். அவங்கட கோல்கீப்பருக்கு உயரப் பந்து வராது, கோர்னரை உள்ளுக்கு அடி என்பார் மூன்றாவது ஆள். கடைசியில் ஒருவர் குரலைக் குறைத்துச் சொல்வார்: "அவனுகள கொஞ்சம் சூடாக்கி விடணும். ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். தானா ரெட் கார்ட் வாங்கிட்டுப் போவானுகள்."

எந்த ரெண்டு வார்த்தை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதில் முதலாவது "அகதி". மறுபக்கத்திடமும் திருப்பிச் சொல்ல ஒரு சொல் இருக்கிறது.

முதல் மூன்று யோசனையையும் கோச்மாரிடம் விட்டுவிடலாம். நான் வரலாறு படிக்கிற ஆள், எனக்கு நாலாவதுதான் வேலை. எதிரியை அவன் எங்கிருந்து வந்தவன் என்று சொல்லிச் சூடாக்கினால் மெட்ச் வெல்லலாமா? இதற்குப் பதில் தேட உலகத்தில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. கல்கத்தா. அங்கேயும் வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் நடுவில்தான் மெட்ச். நூறு வருஷமாக நடக்கிறது.

ஒரு ஆளை டீமிலிருந்து எடுத்த கதை

மோகன் பகான் 1889இல் தொடங்கிய கழகம். 1911 ஜூலை 29 அன்று ஐ.எப்.ஏ. ஷீல்ட் இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யோர்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்றது. இந்தியர்களின் கழகம் ஒன்று அந்தக் கிண்ணத்தை எடுத்தது அதுதான் முதல் தடவை. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு விளையாடினார்கள். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்கால் தோற்கடித்தது என்பதால் அது விளையாட்டுச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை, சுதந்திரப் போராட்டத்தின் கதையாகவும் ஆகிவிட்டது.

ஒன்பது வருஷம் கழித்து, 1920 ஜூலையில், கூச் பெஹார் கிண்ணத்துக்கு மோகன் பகானும் ஜோராபகான் என்ற இன்னொரு கழகமும் மோத இருந்தன. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஜோராபகான் கடைசி நேரத்தில் டீமிலிருந்து எடுத்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. அவர் கிழக்கு வங்காளத்து ஆள், அதனால்தான் எடுத்தார்கள் என்று ஊர் பேசியது. அந்தக் கழகத்தின் நிர்வாகிகளில் ஒருவரான சுரேஷ் சந்திர சௌத்ரியும் கிழக்கத்திக்காரர். அவரை டீமில் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கழகத்தை விட்டு வெளியே வந்தார். நாலே நாளில், 1920 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது.

ஒரு ஆளை அவன் பிறந்த இடத்துக்காக ஒதுக்கினார்கள். அதிலிருந்து ஒரு எதிரிக் கழகம் உண்டானது. அந்தக் கழகம் 1925 மே மாதம் லீக்கில் மோகன் பகானை முதல் தடவையாகச் சந்தித்தபோது 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் நேபால் சக்ரவர்த்தி. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மேற்கு வங்காளத்துப் பழைய குடிகளுக்குப் பேச்சுவழக்கில் "கோட்டி" என்று பெயர். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு "பாங்கால்". இரண்டுமே மற்றவன் வைத்த கேலிப் பெயர்கள். கோட்டிக்கு மோகன் பகான், பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால். சாப்பாட்டிலும் இது உண்டு. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அந்த வீடுகளில் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால். மெட்ச் முடிந்த அன்று சந்தையில் விலை ஏறுவதும் அதன்படிதான். இறால் பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1947உம் 1990உம்

1947இல் வங்காளம் இரண்டாகப் பிரிந்தது. லட்சக்கணக்கான இந்துக் குடும்பங்கள் கிழக்கிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தன. சியால்டா ரயில் நிலையத்தின் மேடையிலேயே குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். பிறகு நகரத்தின் ஓரங்களில் காலியாகக் கிடந்த காணிகளில் குடிசை போட்டார்கள், அவை அகதிக் கொலனிகளாயின. வீடு போய், காணி போய், ஊர்ப் பேரும் இன்னொரு நாட்டுக்குள் போய்விட்டது. அந்தப் பேர் மிச்சமிருந்த ஒரே இடம் கழகத்தின் ஜெர்சிதான். 1920இல் சில பேருடைய கோபமாகத் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால், 1947க்குப் பிறகு ஒரு முழுச் சனத்தின் மேல்விலாசமாக மாறியது இப்படித்தான்.

எங்கட பக்கம் 1990. அந்த வருஷம் ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுப் பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறிய சனம் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியது. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டார்கள், வீட்டு அரிசியை எடுத்துச் சோறாக்கிக் கொடுத்தார்கள். அது நடந்தது, அதை யாரும் மறக்கக் கூடாது.

பிறகு நாள் வருஷமாகியது. ஒரே கிணறு, ஒரே பாடசாலை, ஒரே கூலி வேலை. இரண்டு பங்கு ஆக்கள். நிவாரணம் அவர்களுக்கு வருகிறது, எங்களுக்கு வரவில்லை என்று ஒரு பக்கம். முப்பது வருஷம் இருந்தும் இன்னும் எங்களை ஊராக நினைக்கவில்லை என்று மறுபக்கம். "அகதி" என்பது ஒரு நிலைமையின் பெயர். அது முகாமோடு முடிந்திருக்க வேண்டும். முகாமில் பிறக்காத பிள்ளைக்கும் கிரவுண்டில் அந்தப் பேர் ஒட்டுகிறது. எங்கட வாப்பா பக்கம் மன்னார், உம்மா பக்கம் புத்தளம். ஆகவே இந்த மெட்சில் எந்தப் பக்கம் இருந்து கத்தினாலும் நான் பாதி என்னையே ஏசுகிறேன். இப்படிப் பாதி பாதியாக இருக்கிற ஆக்கள் இப்போது ஒவ்வொரு டீமிலும் இருக்கிறார்கள்.

யார் யாருடைய ஆள்?

கல்கத்தாவிலும் இந்தக் கோடு பார்க்கிற அளவுக்கு நேராக இல்லை.

ஈஸ்ட் பெங்காலின் பொற்காலம் என்று சொல்வது 1949க்கும் 1953க்கும் இடைப்பட்ட காலத்தை. 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எப்.ஏ. ஷீல்டை எடுத்தார்கள். அந்த டீமின் முன்வரிசையில் ஐந்து பேர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அஹமட் கான், சாலே. "பஞ்ச பாண்டவர்" என்று பேர் வாங்கிய இந்த ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. ஐந்து பேரும் தென்னிந்தியர். அகதிகளின் கழகம், அகதிகள் மண்ணை இழந்து நின்ற அதே வருஷங்களில், தெற்கிலிருந்து வந்த ஐந்து பேருடைய காலால் வென்றது. அதில் இரண்டு பேர் முஸ்லிம்கள். பிரிவினையில் இந்து-முஸ்லிம் கலவரம் பார்த்து ஓடி வந்த சனம் அஹமட் கானைத் தோளில் தூக்கி வைத்தது.

மறுபக்கத்தைப் பாருங்கள். மோகன் பகானின் பின்வரிசையில் "சீனச் சுவர்" என்று பேர் எடுத்த கோஷ்தோ பால் பிறந்தது கிழக்கு வங்காளத்து பரீத்பூரில். 1960களில் அந்தக் கழகத்தின் செல்லப்பிள்ளை சுனி கோஸ்வாமி. இந்தியாவுக்கு 1962 ஆசிய விளையாட்டுத் தங்கத்தை எடுத்துக் கொடுத்த கெப்டன். அவர் பிறந்தது கிஷோர்கஞ்சில், அது இப்போது பங்களாதேஷ். கோட்டிக் கழகத்தின் இரண்டு பெரிய கதாநாயகர்களும் பிறப்பால் பாங்கால்.

அதாவது மேடையில் நின்று கத்துகிறவனுக்குத்தான் வந்தவன், இருந்தவன் கணக்கு. டீமைத் தெரிவு செய்கிறவன் புத்திசாலியாக இருந்தால் அவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. 1920இல் ஜோராபகானுக்குத் தெரியாமல் போனது இதுதான்.

பதினேழு விநாடி

1970 முதல் 1975 வரை ஆறு வருஷம் கல்கத்தா லீக் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்குத்தான் போனது. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எப்.ஏ. ஷீல்ட் இறுதிப் போட்டியில் மோகன் பகானை 5-0 என்று அடித்தார்கள். அந்த டீமின் கோச் பி.கே. பானர்ஜி. அடுத்த வருஷமே மோகன் பகான் அவரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது.

1976 லீக் மெட்ச். பந்து நடுவில் வைத்து விசில் அடித்து 17 விநாடி. உலகநாதன் பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்தார், மொஹமட் அக்பர் தலையால் போட்டார். 1-0. மிச்ச நேரம் முழுக்க ஈஸ்ட் பெங்கால் திருப்பிப் போட முடியவில்லை. அந்த வருஷ லீக்கும் மோகன் பகானுக்கு.

எதிரியின் பயம் எதிரியாலே கலைந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஆறு வருஷமாக யாரிடம் தோற்றார்களோ அவருடைய மூளையையே கூப்பிட்டு வந்து வைத்தார்கள். "அவன் அந்தப் பக்கத்து ஆள்" என்று ஒதுக்கியிருந்தால் ஏழாவது வருஷமும் தோற்றிருக்கலாம்.

1977இல் மோகன் பகான் இன்னும் பெரிய நட்சத்திரங்களைச் சேர்த்தது. பெலே விளையாடிய நியூயோர்க் கொஸ்மோஸோடு அந்த வருஷம் செப்டம்பரில் 2-2 என்று சமமாக முடித்த டீம் அது. ஆனால் லீக்கில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-2 என்று தோற்றது. பேரைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வாயால் தோற்ற மெட்ச்

இப்போது நாலாவது யோசனைக்கு வருவோம்.

1997 ஜூலை 13, சோல்ட் லேக் மைதானம், பெடரேஷன் கிண்ண அரையிறுதி. பார்க்க வந்தவர்கள் சுமார் 131,000 பேர். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் இவ்வளவு கூட்டம் கூடியது அபூர்வம். மோகன் பகானின் கோச் அமல் தத்தா. ஈஸ்ட் பெங்காலின் கோச், திரும்பவும் அந்தப் பக்கம் போயிருந்த பி.கே. பானர்ஜி.

அமல் தத்தா "டயமண்ட்" என்ற தாக்குதல் முறையைக் கொண்டு வந்திருந்தார். அந்தத் தொடரில் மோகன் பகான் கோல் மழை பொழிந்துகொண்டுதான் அரையிறுதிக்கு வந்தது. பத்திரிகை முழுக்க டயமண்ட் கதைதான். மெட்சுக்கு முதல் தத்தா வாயைத் திறந்தார். எதிர் டீமின் சிக்கிம் பொடியன் பைச்சுங் பூட்டியாவுக்கு அப்போது 20 வயது. அவரை "சுங் சுங்" என்றார். கென்யாவிலிருந்து வந்த சம்மி ஒமோலோவை "ஆம்லெட்" என்றார். பேரை வைத்துக் கேலி, ஊரை வைத்துக் கேலி. நம்ம கடையில் சொன்ன அதே "சூடாக்கு" முறை.

பி.கே. பானர்ஜியைப் பற்றி கல்கத்தாவில் ஒரு சொல் உண்டு, "வோகல் டொனிக்". மெட்சுக்கு முதல் உடுப்பு மாற்றும் அறையில் அவர் பேசுகிற பேச்சு மருந்து மாதிரி வேலை செய்யும் என்று அர்த்தம். அன்றைக்கு அவர் புதிதாக மருந்து கலக்கத் தேவை இருக்கவில்லை. எதிரி கோச்சே கலந்து போத்தலில் போட்டு அனுப்பியிருந்தார்.

முதல் கோல் நஸிமுல் ஹக், ஈஸ்ட் பெங்கால். இரண்டாவது பைச்சுங். பிறகு சீமா ஒகோரி மோகன் பகானுக்கு ஒன்றைத் திருப்பிப் போட்டு 2-1 ஆக்கினார். மைதானம் எழும்பியது. அதற்குப் பிறகு பைச்சுங் இன்னும் இரண்டு. 4-1. "சுங் சுங்" ஹெட்ரிக் அடித்தார்.

ஆட்டத்தின் காரணமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லாரும் முன்னுக்கு ஏறி அடிக்கிற டீமுக்குப் பின்னால் வெற்றிடம் கிடக்கும். பைச்சுங் மாதிரி வேகமும் மூளையும் உள்ள ஒருவனுக்கு அந்த வெற்றிடம் போதும். முன்னுக்கு ஏறினால் யார் பின்னால் நிற்பது என்பதைத் தீர்மானித்துவிட்டு ஏற வேண்டும். தன் முறைமேல் அவ்வளவு நம்பிக்கை வந்த ஆளுக்கு இது கண்ணில் படாது. எதிரியைக் கேலி செய்வதும் அந்த நம்பிக்கையின் இன்னொரு பக்கம்தான். கேலி செய்கிறவன் எதிரியைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அந்த ஈஸ்ட் பெங்கால் இறுதிப் போட்டியில் சல்கோகர் கழகத்திடம் 1-2 என்று தோற்றது. ஒரு லட்சத்துக்கு மேல் ஆக்கள் பார்த்த வெற்றி, கிண்ணமாக வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து ஊரை வென்றால் போதும் என்று சொல்கிற எங்களுக்கு இது.

பதினாறு பேர்

1980 ஓகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். லீக் மெட்ச். ஆட்டத்தில் இரண்டு பேர் மோதினார்கள், நடுவர் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். மேடையில் இரண்டு பக்க ரசிகர்களும் கலந்து இருந்தார்கள். கல், போத்தல், அடிதடி, பிறகு நெரிசல். 16 பேர் செத்துப்போனார்கள். மெட்ச் பார்க்க வந்த பொடியன்மார்.

மெட்ச் 0-0.

சூடாக்குகிறவன் இரண்டு வார்த்தைதான் சொல்கிறான். ஆனால் அந்த இரண்டு வார்த்தை கோட்டுக்கு உள்ளே நிற்பதில்லை, மேடைக்கு ஏறுகிறது, பிறகு ரோட்டுக்கு வருகிறது. எங்கட கிரவுண்டில் வேலி கூட இல்லை. கல்கத்தாவில் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவர்கள் நினைவாக இரத்ததானம் செய்கிறார்கள்.

அதே நகரத்தில், அதே ஓகஸ்ட் மாதம், 2024இல் இன்னொரு விஷயம் நடந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு இளம் பெண் மருத்துவர் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதால் நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஓகஸ்ட் 18ஆம் திகதி நடக்க இருந்த டூரண்ட் கிண்ண மெட்சை, பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று ரத்துச் செய்தார்கள். மெட்ச் இல்லாத அந்தப் பின்னேரம் சோல்ட் லேக் மைதானத்துக்கு வெளியே இரண்டு கழக ரசிகர்களும் திரண்டார்கள். சிவப்பு-மஞ்சளும் பச்சை-மெரூனும் ஒன்றாக நின்று நீதி கேட்டன, பொலிஸ் தடியடியை ஒன்றாக வாங்கின. இவர்கள் அடுத்த மெட்சில் கட்டிப்பிடித்துக்கொண்டு விளையாடவில்லை. எதிரியாக இருப்பது வேறு, பகைவனாக இருப்பது வேறு என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. அது விளங்க அவர்களுக்கு நூறு வருஷமும் பதினாறு உயிரும் தேவைப்பட்டது.

அப்ப மெட்சை வெல்வது எப்படி?

கடைக் கூட்டத்துக்கு என் பங்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்று, நல்ல ஆளை ஊர் பார்த்து ஒதுக்காதீர்கள். "அவன் கொலனிப் பொடியன்", "அவன் ஊர்ப் பொடியன்" என்று பெஞ்சில் வைத்த ஆள் நாளைக்கு எதிர் டீமில் நிற்பான். ஜோராபகான் என்ற கழகத்தை இன்றைக்கு வேறு எதற்காகவும் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

இரண்டு, முதல் விசிலுக்கே தயாராக நில்லுங்கள். பெரிய மெட்சில் முதல் ஐந்து நிமிஷம் கால் நடுங்குகிற நேரம். 17 விநாடியில் ஒரு வருஷம் முடிந்த கதையைப் பார்த்தோம்.

மூன்று, முன்னுக்கு ஏறும்போது பின்னுக்கு யார் என்று எண்ணுங்கள். அதுவும் காற்று உங்களுக்கு எதிராக இருந்தால், உங்கட டிபென்ஸுக்குப் பின்னால் விழுகிற ஒவ்வொரு பந்தும் அவங்களுக்குக் கிடைத்த இலவசப் பாஸ்.

நாலு, வாயை மூடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, வெல்வதற்காகத்தான் சொல்கிறேன். எதிரியிடம் ஏற்கெனவே காலும் காற்றும் இருக்கிறது, காரணத்தையும் நீங்கள் கொடுக்காதீர்கள். உங்களை ஒருவன் "அகதி" என்று கூப்பிட்டால் நீங்களும் 1997ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டினால் ரெட் கார்ட், பந்தை நீட்டினால் கோல்.

ஐந்து, இந்த மெட்சுக்கு அடுத்த கிழமையும் மெட்ச் இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் இதிலேயே முடித்தால் கிண்ணம் மூன்றாவது ஊருக்குப் போகும், நாங்கள் இரண்டு ஊரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மெட்ச் அன்று நானும் வருவேன். எந்தப் பக்கம் உட்காருவேன் என்று கேட்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். மணல் கண்ணில் விழுந்தால் ஓஃப்சைட் தெரியாது.